ஊதாக் கோடும் என் முழங்காலும்

சில மாதங்களுக்கு முன் ஒரு மருத்துவமனைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற தாதி என்றால் பொன்னாடை போர்த்துவார்கள், தேநீர் கொடுப்பார்கள், இரண்டு வார்த்தை பேசச் சொல்லிவிட்டு மூன்றாவது வார்த்தையில் கைதட்டி உட்கார வைத்துவிடுவார்கள். நானும் அதற்குத் தயாராகத்தான் போனேன். அங்கே ஓர் இளம் தாதி, மார்பில் இருக்கும் கட்டியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்துக்கொண்ட பெண்களுக்கு ஒரு தாள் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாங்கிப் படித்தேன். நடுவில் ஒரு வரி: தோல் கன்றி நீலமாகலாம், அந்த நிறம் கீழே இறங்கலாம், பயப்பட வேண்டாம்.

அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

“என்ன மிஸ்ஸி, பிழை ஏதும் இருக்குதா?” என்று கேட்டாள்.

“பிழை இல்லம்மா. இந்த ஒரு வரிய ஒழுங்காச் சொல்லத் தெரியாம நான் முட்டியப் பேத்துக்கிட்டவ,” என்றேன்.

சிரித்தாள். பிறகு, அதை எழுதித் தாருங்கள் என்று விடாப்பிடியாக நின்றாள். எழுதுகிறேன். எனக்கு நேராகக் கதை சொல்ல வராது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கன்னியாஸ்திரிகள் என்னைப் படிக்க வைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்று என்னைப் பழக்கி எடுத்தது. மூன்று வருடப் பயிற்சியில் நான் கற்றதைச் சொல்லப்போனால், படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பதும், தலைமைத் தாதியின் சப்பாத்துச் சத்தத்தை அடுத்த வார்டிலிருந்தே கண்டுபிடிப்பதும், நின்றபடியே தூங்குவதும்தான். மிச்சத்தையெல்லாம் இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் கற்றேன். சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருடம் இருக்கும். பன்னிரண்டு கட்டில், ஒரு பிரசவ அறை, தகரக் கூரை. மழை பெய்தால் நோயாளி சொல்வது காதில் விழாது. அங்கே மழை பெய்யாத நாள் குறைவு.

லொறிக்குள் பிரசவம் பார்த்திருக்கிறேன். தோட்டத்தை நடத்துகிற துரையின் சமையல்காரருக்கு விஷப்பூச்சி கடித்தது என்று ஓடிப்போய், அது முள் என்று கண்டுபிடித்திருக்கிறேன். அதையெல்லாம் சொன்னால் என்னைக் கெட்டிக்காரி என்று நினைப்பீர்கள். காத்தாயி விஷயத்தில் நான் கெட்டிக்காரியாக இல்லை.

முதலில் எங்கள் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாக இருந்தவர் அம்பலவாணர் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் டாக்டர் ஐயா. ஒல்லியான ஆள். கையைக் கழுவ ஆரம்பித்தால் முழங்கை வரை, நகக்கண் நகக்கண்ணாக, பத்து நிமிடம் கழுவுவார். வாசலில் மாடு முட்டிக் குடல் சரிந்தவனைக் கொண்டுவந்து போட்டாலும் அந்தப் பத்து நிமிடம் குறையாது. சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஏசினாலாவது பரவாயில்லை, பதிலுக்கு மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிக்கொள்ளலாம். அவர் கேள்விதான் கேட்பார். நாமே பதில் சொல்லிச் சொல்லி, நம் குற்றத்தை நாமே அவர் மேசையில் கொண்டுபோய் வைத்துவிடுவோம்.

காத்தாயி கீழ்மலை லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தவள். முப்பது வயது இருக்கும். கொழுந்து பறிப்பதில் கை வேகம், வாய் அதைவிட வேகம். புருஷன் வீரமுத்து தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், பேசக் கூலி கேட்கிற மாதிரியான ஆள். இரண்டு பிள்ளைகள். சின்னதுக்கு இருமல் என்று தூக்கிக்கொண்டு வந்தபோது, பிள்ளை அவள் மார்பில் சாய்ந்ததும் முகத்தைச் சுளித்தாள். விடுவேனா? உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்தேன். இடது மார்பின் மேல்பக்கத்தில், வெளிப்புறமாக, நெல்லிக்காய் அளவு கட்டி. எத்தனை மாதம் என்று கேட்டால், “போன திருவிழாவுக்கு முந்தி இருந்து” என்றாள். அடுத்த திருவிழா வர இரண்டு மாதம்தான் இருந்தது.

ஐயா அவளை மலைக்குக் கீழே இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்தக் காலத்தில் ஊசியால் துளி சதை எடுக்கிற வசதியெல்லாம் எங்கள் பக்கம் கிடையாது. மயக்கம் கொடுத்து, வெட்டி, கட்டியை முழுசாக எடுத்துக் கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வர நாலு வாரமும் ஆகலாம். அதுவரை புற்றா, வெறும் கட்டியா என்று யாருக்கும் தெரியாது. தையல் போட்டு மூன்றாம் நாள் காத்தாயியை அனுப்பிவிட்டார்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று ஐயாதான் எழுதிக் கேட்டிருந்தார்.

தோட்டத்து லொறியில் வந்து இறங்கினாள். அந்தப் பாதையில் ஆரோக்கியமான மனுஷனுக்கே எலும்பு கழன்றுவிடும். கட்டை அவிழ்த்துப் பார்த்தால், வெட்டின இடத்தைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போய்க் கிடந்தது. லேசாக வீக்கமும் இருந்தது. ஐயா பார்த்தார், புறங்கையால் சூடு பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். ஈரம் பட்டால் ஊதாவாக எழுதும் பென்சில். எழுதினால் சோப்புக்கும் போகாது. நுனியை ஈரப் பஞ்சில் தொட்டு, கன்றின இடத்தின் ஓரத்தோடு ஓரமாக ஒரு கோடு போட்டார். தேசப்படம் வரைகிறவர் மாதிரி, ஒரு வளைவையும் விடாமல்.

வெளியே வந்து எனக்குச் சொன்னது இதுதான்: “பிள்ளை, நாளைக்கு விடிய மட்டும் பாப்பம். அதுக்குள்ள வீக்கம் கோட்டைத் தாண்டினா உள்ளுக்க இன்னும் ரத்தம் ஓடுது எண்டு அர்த்தம். உடன திருப்பி அனுப்ப வேணும். விடிஞ்ச பிறகு இந்தக் கோட்டுக்கு வேலை இல்லை. நீலம் தன்ர பாட்டில இறங்கும்.”

எவ்வளவு தெளிவான பேச்சு. நான் உள்ளே போய் அதைப் பாதியாக வெட்டினேன். காத்தாயி கண்ணில் தண்ணீர் நின்றது. ஆறுதல் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

“காத்தாயி, இது ஐயா போட்ட கோடு. நீலம் இதுக்குள்ள இருக்குற வரைக்கும் ஒனக்கு ஒண்ணும் இல்ல. தாண்டுனாத்தான் ஆபத்து,” என்றேன்.

“தாண்டாதுல்ல மிஸ்ஸி?”

“ஐயா போட்ட கோட்ட எது தாண்டும்? பேசாமப் படு.”

எங்கள் தோட்டங்களில் திருவிழாவுக்கு முந்தி எல்லை கட்டுகிற வழக்கம் உண்டு. பூசாரி எலுமிச்சம்பழமும் வேப்பிலையுமாகத் தோட்டத்தின் நாலு மூலைக்கும் போய் எல்லையைக் கட்டிவிடுவார். அதற்குப் பிறகு நோயோ பேயோ அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் உயிர்ப்பலி கேட்கும் என்பார்கள். நான் வேதக்காரப் பிள்ளை. ஆனாலும் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். காத்தாயி என் பேச்சை எப்படிக் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

மறுநாள் விடிந்தது. நீலம் கோட்டுக்குள்ளேயே இருந்தது. “பாத்தியா?” என்று பெருமையாகக் காட்டினேன். அவள் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பக்தியான பிள்ளை என்று நினைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்குப் போனபின் தினமும் கட்டு மாற்ற வந்தாள். சட்டையைத் தோளிலிருந்து இறக்கி, மேலே தையல் இருந்த இடத்தை மட்டும் காட்டுவாள். நானும் அதை மட்டும் பார்த்தேன். அந்த வாரம் இரண்டு பிரசவம், வார்டு நிறைய வயிற்றோட்டம். கீழே விலா எலும்பு வரை நீலம் இறங்கி, ஓரத்தில் பச்சையாகி, மஞ்சளாகிக் கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அங்கம்மா அவளுக்கு முதுகு தேய்க்கப் போய், அதைப் பார்த்து, வாளியைக் கீழே போட்டிருக்கிறாள்.

“அடி காத்தாயி, கோட்டத் தாண்டிருச்சேடி.”

அன்றைக்கு அந்த லயத்தில் இருபது வீட்டிலும் அடுப்பு மூட்டத் தாமதமாகியிருக்கும். தாண்டிப் போனதைத் திருப்பி அனுப்ப ஆளுக்கொரு வைத்தியம். அங்கம்மா தவிட்டை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்தாள். பூசாரி வெளியே நின்று மந்திரிக்க, ஒரு கிழவி உள்ளே போய், ஐயாவின் கோட்டுக்கு நாலு விரல் கீழே மஞ்சளால் இரண்டாவது கோடு போட்டாள். நீலம் இரண்டு நாளில் அதையும் தாண்டியது. தன் கோடு மட்டும் தோற்கவில்லை என்று ஐயாவுக்கு வேண்டுமானால் சமாதானமாக இருந்திருக்கும்.

காத்தாயி கட்டு மாற்ற வருவதை நிறுத்தினாள். ஆறிவிட்டது போலும் என்று நான் நினைத்தேன். தையல் பிரிக்க வேண்டிய நாளிலும் வரவில்லை. அதற்கு இரண்டு நாள் கழித்து, கொட்டுகிற மழையில் வீரமுத்து அவளைக் கம்பளியால் போர்த்திக் கூட்டிவந்தான். சட்டையின் முன்பக்கமெல்லாம் கறுப்பாக நனைந்திருந்தது.

“சாகுறதுக்கு முந்தி உங்ககிட்டக் காட்டிரலாம்னு கூட்டியாந்தேன் மிஸ்ஸி,” என்றான். அதுதான் அவன் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

ஐயா கை கழுவினார். பத்து நிமிடம். நான் ஸ்டவ்வில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரிலிருந்து இடுக்கியையும் கத்தரிக்கோலையும் எடுத்துத் தட்டில் வைத்தேன். தையலின் கீழ்நுனி வாயைத் திறந்துகொண்டு, அதன் வழியாகப் பழைய ரத்தம் கசிந்தது. தார் மாதிரிக் கறுப்பு. உள்ளே தேங்கி உறைந்திருந்தது ஒத்தடச் சூட்டில் இளகியிருக்க வேண்டும். ஐயா இரண்டு தையலை மட்டும் வெட்டினார். சுருட்டிய துணியை மார்பின் மேல்பக்கத்தில் வைத்து, சப்பாத்தி மாவை நீட்டுகிற மாதிரி மெதுவாகக் கீழே உருட்டிக் கொண்டுவந்தார். ஈரல் துண்டு போன்ற கட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன. காத்தாயி பல்லைக் கடித்தாள், கத்தவில்லை. பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் விட்டு, அது தெளிவாகத் திரும்பி வரும்வரை கழுவினார். மெல்லிய துணிப்பட்டியை லோஷனில் நனைத்து, உள்ளே அடைக்காமல், தளர மடித்து மடித்து வைத்தார். நுனியை வெளியே விட்டார்.

“வாய் முதல்ல மூடக்கூடாது. அடியில இருந்து வளர்ந்து வரவேணும். காயத்துக்கு அவசரம் ஒண்டும் இல்லை, எங்களுக்குத்தான் அவசரம்,” என்று எனக்குச் சொன்னார். அப்புறம்தான் மஞ்சள் கோட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

வெளியே வந்ததும் விசாரணை. “பிள்ளை, இந்தக் கோட்டைத் தாண்டாது எண்டு நான் சொன்னனானே?”

“இல்லைங்க ஐயா.”

“அப்ப ஆர் சொன்னது?”

“நான்தாங்க.”

ஈரக் கையைத் துடைத்து முடித்தார். “அப்ப சொன்ன ஆள்தான் போய் மாத்திச் சொல்லவேணும்,” என்றார். அவ்வளவுதான். நோயாளி என் வாயால் செத்துப்போவாளோ என்று அன்றைக்கு வந்த பயம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் வரவில்லை.

பத்து நாள் வார்டில் வைத்திருந்தோம். அதற்குள் கொழும்புக் கடிதம் வந்தது. ஐயா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் குரலை உயர்த்தியே படித்தார். புற்று இல்லை. வெறும் கட்டி, முழுதாக எடுத்தாகிவிட்டது, இனிப் பயமில்லை. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். வார்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், காத்தாயியைத் தவிர.

“என்னடி, சந்தோசமா இல்லியா?” என்று அப்புறம் கேட்டேன்.

“அது கொழும்புல இருந்து வந்த கடுதாசி மிஸ்ஸி. கோடு என் ஒடம்புல இருக்கு,” என்றாள்.

“அது நான் தப்பாச் சொன்னதுடி. ஐயா அப்புடிச் சொல்லல.”

“இப்ப என்னைத் தேத்துறதுக்காகச் சொல்றீங்க.”

ஆறுதல் சொல்லிப் பழகியவள் உண்மை சொன்னால் அதுவும் ஆறுதலாகத்தான் கேட்கும் போலிருக்கிறது.

அவள் வீட்டுக்குப் போனபின் கட்டு மாற்ற நானே லயத்துக்குப் போக ஆரம்பித்தேன். முதல் நாள் போனபோது வீட்டுக்குள் ஒரு தகரப் பெட்டி புதிதாக இருந்தது. அதன்மேல் இருபது வயதில் ஒரு பெண் அழுத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த காத்தாயியின் தங்கை பாக்கியம். சமைக்க உதவிக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, “நல்ல காரியம் பண்ணுனே” என்றேன். உடனே ஓவென்று அழுதாள்.

விஷயம் இதுதான். காத்தாயி தான் சாகப்போவது நிச்சயம் என்று முடிவுகட்டிவிட்டாள். பிள்ளைகளை மாற்றாந்தாய் கையில் விட மாட்டாளாம். அதனால், தான் உயிரோடு இருக்கும்போதே தங்கையை வீரமுத்துவுக்குக் கட்டிவைத்து, கண்ணால் பார்த்துவிட்டுப் போகவேண்டுமாம். வளர்பிறை வெள்ளிக்கிழமை கோயிலில் மாலை மாற்றுவது என்று பூசாரியிடம் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பதினோரு நாள் இருந்தது.

வீரமுத்து வெளியே உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே அது முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. “நீ என்னப்பா சொல்ற?” என்றேன்.

“மூணு நாளா அவகூடப் பேசல மிஸ்ஸி. வாயத் தொறந்தா வஞ்சுருவேன். நோயாளிய எப்புடி வையுறது?” என்றான். பிறகு கத்தியைப் பார்த்தபடியே சொன்னான்: “எனக்கு இவ ஒருத்தியே போதும் மிஸ்ஸி. இவ பேசுறதையே இன்னும் கேட்டு முடிக்கல.”

நான் கிளம்பும்போது பாக்கியம் பின்னாலேயே வந்தாள்.

“மிஸ்ஸி, அக்கா செத்துருமா?”

“சாகாது.”

“அப்ப நான் எதுக்கு மாமாவக் கட்டணும்?”

“அதையேதான் நானும் கேக்குறேன். மாட்டேன்னு சொல்லேன்.”

“அக்காதான் என்னைத் தூக்கி வளத்துச்சு. அது கேட்டு எப்புடி இல்லேங்குறது?” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “ஊர்ல ஒருத்தரு இருக்காரு மிஸ்ஸி. ஸ்டோர்ல கொழுந்து அரைக்கிற மிசின்ல வேலை. தையில பேசலாம்னு இருந்தாங்க,” என்றாள்.

என் வாயிலிருந்து விழுந்த அரை வாக்கியம் யார் யார் வாழ்க்கையையெல்லாம் புரட்டிப்போடுகிறது என்று நினைத்தபோது எனக்கு என்மேலேயே அப்படி ஒரு கோபம். அந்தக் கோபத்தோடு லயத்துப் படியில் விறுவிறுவென்று ஏறினேன். பாசி பிடித்த கருங்கல் படி. மூன்றாவது படியில் கால் வழுக்கியது. வலது முழங்கால் கல்லில் மோதிய சத்தம் லயத்துக் கடைசி வீடு வரை கேட்டதாக அங்கம்மா பிற்பாடு சொன்னாள். என் கட்டுத்துணிப் பெட்டி உருண்டு கோழிகளுக்கு நடுவே போய் விழுந்தது. வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, முழுக்கச் சேறு. தூக்கிவிட வந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்கு வலியிலும் தெரிந்தது.

மறுநாள் காலையில் முழங்காலுக்குக் கீழே ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரிக்காய் நிறம். வலியோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. நொண்டிக்கொண்டே போய் ஐயாவிடம் அந்தப் பென்சிலைக் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்தது வாழ்நாளில் இரண்டு தரம், இது ஒன்று.

“கன்றினதுக்கு ஓரமாப் போடு பிள்ளை. தள்ளிப் போட்டா ஏமாத்து,” என்றார்.

காத்தாயி வீட்டு முன்திண்ணையில், எங்கள் பேச்சில் இஸ்தோப்பில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, எல்லாருக்கும் முன்னால் கோடு போட்டேன். “இங்க பாருங்க. இது என் கால். இதுல கட்டியும் இல்ல, புத்தும் இல்ல. கல்லுல விழுந்தது நீங்களே பாத்தீங்க. தெனம் வர்றேன், தெனம் பாருங்க,” என்றேன். காத்தாயி உள்ளே படுத்திருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதிலிருந்து தினமும் கூட்டம்தான். வேலை விட்டு வரும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு முதலில் என் காலைத்தான் பார்ப்பார்கள். நாலாம் நாள் நீலம் கோட்டைத் தாண்டியது. அங்கம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, “மிஸ்ஸிக்கும் தாண்டிருச்சு” என்று உள்ளே போய்ச் சொன்னாள். காத்தாயி எழுந்து வந்தாள். குனிந்து பார்த்தாள்.

“வலிக்குதா மிஸ்ஸி?”

“உசிரு போகுது. அதுக்காக நான் எந்தத் தங்கச்சிக்கும் ஆள் அனுப்பல.”

பாக்கியம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். காத்தாயிக்கும் உதட்டோரம் அசைந்தது. ஆனால் உள்ளே போய்விட்டாள். மாலை மாற்றக் குறித்த வெள்ளிக்கிழமை மாறாமல் அப்படியே இருந்தது. கோயில் வாசலில் தோரணம் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். முழங்கால் வீங்கி ராத்திரியெல்லாம் தூங்கவிடவில்லை. இவ்வளவு கூத்தும் வீண்தானோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் போனேன். மாலை ஒரு தட்டில் தயாராக இருந்தது. பாக்கியம் தலைக்குக் குளித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வீரமுத்துவைக் காணவில்லை. விறகு எடுக்கப் போனானாம். அந்த வீட்டில் விறகு கூரை முட்ட அடுக்கியிருந்தது.

“காலக் காட்டுங்க மிஸ்ஸி,” என்றாள் காத்தாயி.

நீட்டினேன். தரையில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். நீலம் கணுக்காலுக்கு இறங்கி, பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. முழங்காலுக்குக் கீழே கோட்டுக்குள் இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“இங்க வெளுத்துருச்சே,” என்றாள்.

“ஆமா. அங்க இருந்ததுதானே கீழ எறங்கியிருக்கு.”

காலை இறக்கி வைத்தாள். எழுந்து கதவைச் சாத்தினாள். சட்டை ஊக்கைக் கழற்றிவிட்டுத் தன் மார்பைக் குனிந்து பார்த்தாள். அங்கம்மா வாளியைக் கீழே போட்ட நாளிலிருந்து அவள் அந்த இடத்தைத் தன் கண்ணால் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. யார் யாரோ பார்த்துச் சொன்னதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஊதாக் கோடு மங்கலாகத் தெரிந்தது. அதற்குள் தோல் தோலின் நிறத்திலேயே இருந்தது. இடுப்புக்கு மேலே கடைசி மஞ்சள் மட்டும், அதுவும் போகிற நிலையில்.

ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “இது உள்ளுக்க பூந்தது இல்ல மிஸ்ஸி. வெளிய கெளம்பிப் போறது.”

முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் எத்தனையோ டாக்டர்கள் கன்றலைப் பற்றி விளக்கிக் கேட்டிருக்கிறேன். இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

கதவைத் திறந்து, “ஏ பாக்கியம், அந்த மாலையக் கொண்டுபோயி அம்மன் கழுத்துல போட்டுட்டு வா,” என்றாள். பாக்கியம் புரியாமல் நின்றாள். “எனக்கு ஒண்ணும் இல்லடி. போ.” பாக்கியம் மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் பாதிப் பூ வழியிலேயே உதிர்ந்துபோயிருக்கும்.

கன்றல் போய்விட்டது, காயம் போகவில்லை. அது ஐயா சொன்ன மாதிரி அவசரமே இல்லாமல் ஆறியது. தினமும் துணிப்பட்டியை உருவி எடுத்து, கழுவி, புதிதாக வைப்பேன். முதலில் என் நடுவிரல் நீளப் பட்டி உள்ளே போனது. இரண்டு வாரம் கழித்து அதில் பாதி. அடியில் மாதுளை முத்துப் போல சிவப்புச் சதை துளிர்த்து வருவதை அவளுக்குக் கண்ணாடியில் காட்டுவேன். இப்போது அவளே பார்த்துச் சொல்வாள்: “இன்னிக்கு ஒரு முத்து கூட இருக்கு மிஸ்ஸி.” கையைத் தலைக்குமேல் தூக்கவும், கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டவும் ஐயா அனுமதிக்கவில்லை. துரைக்குக் கடிதம் எழுதி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காம்பராவில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். அங்கே இருந்த பதினைந்து குழந்தைகளும் அந்த ஒரு மாதத்தில் பேசக் கற்றுக்கொண்டன. வீரமுத்துவும் மனைவியோடு பேச ஆரம்பித்திருந்தான். பதில் சொல்ல அவனுக்கு இடம் கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

ஏழாவது வாரம் கட்டை அவிழ்த்தபோது துணி காய்ந்திருந்தது, ஒரு பொட்டுக் கறை இல்லை. விரலால் அழுத்திப் பார்த்தேன். மூடிவிட்டது. ஐயாவும் வந்து பார்த்தார். “சரி” என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் ஊருக்குக் கிளம்பினாள். மாதா கோயிலில் பூசை முடிந்து நான் லிந்துலையில் நின்றேன். அக்காவும் தங்கையும் தகரப் பெட்டியோடு பஸ்ஸுக்கு வந்தார்கள். பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாகக் காத்தாயி சொன்னாள்: “அடுத்த தடவ வர்றப்ப தனியா வராத. அந்த மிசின்காரரக் கூட்டிக்கிட்டு வா.” பாக்கியத்துக்கு முகமெல்லாம் சிவந்தது. அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள் போல. பஸ் திரும்பி மறையும்வரை காத்தாயி கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். இடது கையை, தலைக்குமேல் தூக்கி.

பிறகு நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கட்டியை வெட்டியபோதும், ஐயா ரத்தக்கட்டியைப் பிதுக்கியபோதும் அழாதவள், சந்தி என்றும் பாராமல் கேவிக் கேவி அழுதாள். நான் பதறிப்போனேன்.

“என்னடி, வலிக்குதா?”

தலையை ஆட்டினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இல்ல மிஸ்ஸி. அவளத் திருப்பி அனுப்பிட்டேன்ல? இப்பத்தான் நான் பொழைச்சுக்கிட்டேன்னு தெரியுது,” என்றாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்ததும் எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, தோட்டத்துக்குப் போகும் ஏற்றத்தில் விடுவிடுவென்று நடந்தாள். என் முழங்கால் இன்னும் சரியாகவில்லை. “கொஞ்சம் நில்லுடி,” என்று கத்தினேன். திரும்பிப் பார்த்து நின்றாள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் நொண்டி நொண்டி ஏறி வருவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.